கல்யாண மண்டபத்துக்கு ஒரு புது யூசர்

— அய்யோ ஸ்வீட்லின், இன்னாம்மா செவப்பா வந்து நிக்குது?

— பயப்படாதீங்க கோதண்டபாணி சார். புது யூசர் போடச் சொன்னீங்க, போட்டேன். ‘டேட்டாபேஸ் இணைப்பு இல்லை’ன்னு சொல்லுது.

— எட்டு வருசமா மண்டபத்து முகூர்த்தம் மொத்தமும் அதுக்குள்ளதான் கீது! எல்லாம் பூடுச்சா?

— போகலீங்க. இந்த கம்ப்யூட்டருக்கும் உள் ரூம்ல இருக்கற சர்வருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்ளோதான். சர்வர்ல யாராவது கைய வெச்சீங்களா?

— வாஸ்துக்காரரு சொன்னாருன்னு போன வாரம் மூலை மாத்தி, கிழக்க பாத்து வெச்சேன்.

— அடக் கர்த்தரே! இருங்க, பாத்துட்டு வரேன்... வயரு சரியா இருக்கு. சர்வரும் ஓடிக்கினுதான் இருக்கு. உங்க வாஸ்து தப்பிச்சுது. யாருக்கு சார் இந்தப் புது யூசர்?

— திங்கக்கெழம தேவசுந்தரின்னு ஒரு பொண்ணு வேலைக்கு வருது. எங்க பொண்ணு யுவஸ்ரீக்குப் பதிலு. இருபதாம் தேதி கல்யாணம் முடிஞ்சா அது நகரிக்கு, மாப்ள வூட்டுக்குப் பூடும்ல.

— கல்யாணம் நம்ம மண்டபத்துலயேதானே?

— ஆங், பின்ன? மாப்ள டில்லிபாபு, எங்க அக்கா மவன். தொட்டில்ல கெடக்க சொல்லவே பேசி வெச்சது.

— சார்... வயரு இல்ல, சர்வரும் இல்ல. டேட்டாபேஸோட பாஸ்வேர்டையே மாத்தியிருக்காங்க. இன்னைக்குக் காலைல ஒம்பது பத்துக்கு.

— இன்னாது! பஸ் ஸ்டாண்டாண்ட புது மண்டபம் கட்டனான் பாரு, அவன் வேலைதான்! எவனையோ வுட்டு உள்ள பூந்துட்டான்!

— வெளியேருந்து யாரும் வரல சார். இதோ, இந்த நாற்காலில ஒக்காந்துதான் மாத்தியிருக்காங்க.

— அந்த பாஸ்வேர்டு யாருக்குமா தெரியும்?

— இதப் போட்டுக் குடுத்த எனக்கு. அப்புறம் உங்க பொண்ணுக்கு.

— அது எதுக்கு மாத்தப் போவுது? காலைல சாவிய மேசை மேல வெச்சுட்டு, ஜாக்கெட் வாங்கிக்கினு வரேன்னு பள்ளிப்பட்டு பஸ் ஏறுச்சு. போனு கூட எடுக்கல. கல்யாண அவசரத்துல தெரியாம கை பட்டிருக்கும்.

— தெரியாம கை படற எடமில்ல சார் அது. தனக்குப் பதிலா இன்னொரு ஆளை நாம போடக் கூடாதுன்னு பூட்டியிருக்கு.

— முருகா! மொதல்ல அதத் தொறம்மா.

— ஒக்காருங்க சார். சர்வர்லயே பாஸ்வேர்ட மாத்தி எழுதிட்டேன்... இதோ வந்துடுச்சு. எல்லா முகூர்த்தமும் பத்திரமா இருக்கு.

— அப்பாடா. வயித்துல பால வார்த்தம்மா.

— ஒரே ஒரு தேதி மட்டும் ரத்துன்னு காட்டுது.

— எவன் வூட்டு கல்யாணம்? எனக்கு ஒருத்தனும் சொல்லலியே!

— இருபதாம் தேதிங்க.

— அடிப்பாவி, அது நம்ம வூட்டு கல்யாணம்! பத்திரிகைய மலை மேல சாமி பாதத்துல வெச்சு எடுத்துகினு வந்துட்டேனே! கண்ணத் தொடச்சிகினு நல்லா பாரு!

— பாத்துட்டேன் சார். யுவஸ்ரீ பேருல, ஒம்பது எட்டுக்கு ரத்து ஆயிருக்கு. கீழ காரணமும் எழுதியிருக்கு.

— படி.

— வேணாம் சார், நீங்களே வந்து...

— படிம்மா!

— ‘வெளியாளு மண்டபம் கேட்டு வந்தா, பொண்ணக் கூப்ட்டு சம்மதமான்னு கேட்டப்புறம்தான் நைனா தேதி குடுப்பாரு. என்னைக் கேக்கல.’