அன்பரசி தொட்டால் கறுத்துப்போகும் திரை

டாக்டர், லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒன்னும் செய்யல, அதுவா போச்சு." இந்த மலைமேல் தானா ராத்தா ஊரில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். இந்த மார்ச்சில் ஒரு அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு ஒரே வாரத்தில் ஒன்பது லேப்டாப்புகள் கடைக்கு வந்துவிட்டன. என் தங்கை அன்பரசியுடையதும் அதில் ஒன்று.

வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். அம்மாவால் அழத்தான் முடிந்தது. நான் ஒழுங்காகச் சொல்கிறேன்.

அவளுடையது மாதிரியான லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். சில்லறை வேலைக்குச் சின்னது, கனமான வேலைக்குப் பெரியது. எப்போது எதற்கு மாறுவது என்று லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். அந்த அப்டேட் வந்து அதன் புத்தியைக் கெடுத்துவிட்டது. கனமான மென்பொருளைத் திறந்தால் மாறப்போய் நடுவில் மாட்டிக்கொண்டு திரை கறுத்துவிடும். கிராபிக்ஸை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளைத் திரும்பப் போட்டு, இன்ன மென்பொருளுக்குப் பெரியதுதான் என்று நாமே சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்பரசியுடையதைச் சரிசெய்ய எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

அவள் அவசரத்தில் இருந்தாள். கோலாலம்பூரில் ஒரு அனிமேஷன் நிறுவனம் ஆறு வாரம் கொடுத்து நாற்பது விநாடிப் படம் கேட்டிருந்தது. பிடித்தால் வேலை, அங்கேயே தங்க இடம். சரியாகிவிட்டதா என்று பார்க்க அந்தப் படத்தை ஓட்டினேன். மேலே கோலா தெர்லா கிராமத்திலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி பனிமூட்டத்தில் இறங்கி வருகிறது. வளைவில் ஒரு கோஸ் உருண்டு விழுகிறது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு அதைத் தேடுகிறான். நன்றாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இவள் போய்விடுவாள் என்று எனக்கு உறைத்தது.

எங்கள் எஸ்டேட் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு. அம்மாவுக்கு ஜூனில் ஓய்வு. அன்பரசி எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனால் வீடு நிற்கும், கோலாலம்பூருக்குப் போனால் காலி செய்ய வேண்டும். அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டது நான். யோசிக்க வேண்டியவனும் நான்தானே?

வாடிக்கையாளர் லேப்டாப்புகளில் தூரத்திலிருந்தே பார்க்கவும் இயக்கவும் முடிகிற ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுப்பேன். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். சொந்தத் தங்கையிடம் யாராவது கேட்பார்களா? அவள் வீட்டில் வேலை செய்வது கடையில் என் திரையில் தெரியும். யோசிக்கும்போது மவுஸைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுவாள். அந்த வட்டம் நின்று வேலை சூடுபிடிக்கும்போது பெரிய கிராபிக்ஸை அணைத்துவிடுவேன். அங்கே திரை கறுத்துவிடும். அரை மணி நேரத்தில் மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்து நிற்பாள். மேசையில் வைத்துத் திறப்பதற்குள் சரிசெய்துவிடுவேன். ஓடும்.

"அண்ணே, இங்க ஓடுது, அங்க ஓடலையே" என்பாள்.

"லேப்டாப்ல ஒரு பழுதும் இல்லம்மா" என்பேன். அது பொய்யில்லை.

மூன்றாம் முறை அம்மா லேப்டாப்பைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்தார். அன்பரசி விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாம் முறை அவளே பழம் வாங்கிவந்தாள்.

கடைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாய் நல்ல மனுஷர். அவள் படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "கோகிலன், என் மக ஃபௌசியாவோட லேப்டாப் சும்மாதான் கெடக்கு. தங்கச்சிக்குக் கொண்டுபோய் குடு லா" என்றார். மறுக்க முடியவில்லை. அதிலும் என் மென்பொருளைப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் அவள் கையில் கறுத்தது.

அன்றைக்குத்தான் அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தொட்டாத்தான் போவுது அண்ணே. இந்தக் கையிலதான் என்னமோ இருக்கு" என்றாள். அம்மா மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் அந்தக் கையில் கயிறு கட்டிவிட்டார். அதன்பிறகு இடது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். அம்மாவுக்குத் தேத்தண்ணி கலக்கக்கூட மாட்டேன் என்றாள்.

வீட்டு விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மேனேஜர் அம்மாவை இன்னும் இரண்டு வருடம் வேலையில் வைத்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். அது இரண்டாவது வாரமே வந்தது. நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அண்ணன்மீது சந்தேகம் வந்த பெண் பிறகு யாரைத்தான் நம்புவாள்?

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். படம் முடிந்திருந்தது. கடைசியாக ஒருமுறை கணினி அதை முழுதாக உருவாக்கித் தர வேண்டியதுதான் பாக்கி. தொண்ணூற்றொரு சதவீதம் வரைக்கும் விட்டேன். அவள் உழைப்பை அவள் பார்க்க வேண்டும் இல்லையா? பிறகு அணைத்தேன். மறுபடி திறந்தாள், மறுபடி அணைத்தேன். நான்காவது தடவைக்குப் பிறகு மவுஸ் அசையவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் கடையை மூடினேன்.

அவள் சமையலறைக்குப் போய், அம்மா குளிக்கக் காயவைத்திருந்த வெந்நீரில் வலது கையை மணிக்கட்டுவரை விட்டிருக்கிறாள். கத்தவே இல்லையாம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் யாராவது அவள் மனம் புண்படும்படி நடந்துகொண்டீர்களா என்று முதலில் கேட்டீர்கள். இல்லை. அவளை நான் கடிந்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தபோதுகூட நானே எடுத்து, தங்கைக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டாள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன்.

இடது கையால் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று இப்போது மூன்று வேளையும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். இன்று காலை இட்லியை மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "நீங்க இல்லாட்டி நான் என்னா பண்ணுவேன் அண்ணே" என்றாள். ஆறு வாரத்துக்கு முன்னால் இதை அவள் சொல்லியிருப்பாளா, டாக்டர்?