முப்பத்திரண்டாம் எண்

நீங்கள் உட்காருங்கள், நான் நடந்துகொண்டே பேசுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எனக்குக் கால் இரண்டும் குடைய ஆரம்பித்துவிடும். மாதாப்பூரில் வேலை பார்க்கிற என் மகன் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினான். அவர் நரம்பு என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையைவிட நடப்பதுதான் கேட்கிறது. இந்த ஜன்னலிலிருந்து அந்தக் கதவு வரை பதினொரு அடி. டீ ஆறிவிடும், குடியுங்கள்.

டிராவல்ஸ் கம்பெனி சார்பில் நீங்கள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். "குழுத் தலைவர் திரு. செல்லப்பா ஆட்களை எண்ணியதில் ஏற்பட்ட பிழையால் திருமதி தங்கம் வழியில் விடப்பட்டார்" என்று இருக்கிறது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். போட மாட்டேன். அது பொய். சுபேதார் செல்லப்பா ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணவில்லை. ஒரு நல்ல மனுஷனைக் குறை சொல்லி எழுதக் கூடாது.

எங்கள் போலாரம் தமிழ்ச் சபையில் பாதிப் பேர் ராணுவக் குடும்பம், மீதிப் பேர் ராணுவத்தைச் சுற்றிப் பிழைத்த குடும்பம். என் வீட்டுக்காரர் பாதுகாப்புத் துறை ஸ்டோர்ஸில் இருந்தார். தங்கம் அக்காவின் வீட்டுக்காரரும் அங்கேதான். இரண்டு குடும்பமும் சேர்ந்து இந்தப் பழைய பங்களாவை வாங்கி, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துத் தடுத்துக்கொண்டோம். இதோ, இந்தச் சுவர்தான். அந்தப் பக்கம் அக்கா தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது பூட்டிக் கிடக்கிறது.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பதினொரு வருஷம் படுக்கை. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். நான் எங்கே இருந்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பேன், வருவேன். மூத்திரத்துக்கு, தண்ணீருக்கு, புரட்டிப் போட. பதினொரு வருஷத்தில் நான் நடந்த தூரமெல்லாம் அடுப்படிக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போய்வர வேண்டும் என்று தங்கம் அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கஞ்சியும் வைத்துக் கொண்டுவருவாள். நல்லவள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அவர் போன மறு வருஷம், 2008 மே மாதம், சபையிலிருந்து பரிசுத்த பூமிக்கு முப்பத்தெட்டுப் பேர் புறப்பட்டோம். மகன்தான் அனுப்பினான். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அந்த ஊரில் நடக்க வேண்டும். ஆண்டவர் நடந்த கல்லிலும் மண்ணிலும், யாரும் கூப்பிடாமல், நானும் என் பாட்டுக்கு நடக்க வேண்டும். ஷம்ஷாபாத் விமான நிலையம் அப்போதுதான் திறந்திருந்தது. அந்த வழுவழுத் தரையிலேயே நாலு சுற்று நடந்துவிட்டேன்.

அங்கேதான் ஜோடி பிரித்தார்கள். ஆளுக்கொரு எண், இரண்டிரண்டு பேருக்கு ஓர் அறை. நான் முப்பத்தொன்று, தங்கம் அக்கா முப்பத்திரண்டு. "ரூபாவுக்கு நோயாளியப் பாத்துப் பழக்கம்" என்று எங்கள் போதகர் ஐயரின் மனைவி, ஐயரம்மா, சொன்னார்கள். அக்காவுக்கு சர்க்கரை, முழங்கால் வலி, ஒரு காது மந்தம். அவளுடைய மருந்துப் பை என் தோளுக்கு வந்தது.

சுபேதார் எண்ணுகிற முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் கிளம்புமுன் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். "பாத்து எண்ணினா தப்பும், கேட்டு எண்ணினா தப்பாது" என்பார். முப்பது வருஷம் பட்டாளத்தில் அப்படித்தான் எண்ணினாராம். அக்கா கடைசி நீள ஸீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்துப் படுத்துவிடுவாள். எண் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. இரண்டாம் நாளே சுபேதார் என்னிடம் சொல்லிவிட்டார்.

"முப்பத்திரெண்டையும் நீங்களே சொல்லிடுங்கம்மா. தூங்குறவங்கள எழுப்ப நக்கோ, வேணாம்."

அன்றிலிருந்து இரண்டு எண்ணையும் நான்தான் சொன்னேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஒரே மூச்சில்.

நேபோ மலையில் பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மோசே கானானைப் பார்த்த இடத்துக்கு இன்னும் நூறு அடி. நான் அவளோடு திரும்பினேன். கலிலேயாக் கடலில் எல்லாரும் படகில் போனார்கள். அவளுக்குத் தலை சுற்றும் என்று நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். யோர்தான் ஆற்றில் முழுக்கு எடுக்க வெள்ளை அங்கி மாட்டி முழங்கால் தண்ணீர் வரை இறங்கிவிட்டேன். அப்போது பாத்ரூம் போக வேண்டும் என்று கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஈர அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

நான் வேகமாக நடந்தால் பின்னாலிருந்து அவள் குரல் வரும். "ஏட்டி ரூபா, மெதுவா போட்டி. ரெண்டாயிரம் வருசமா அங்கனதான் இருக்கு. நீ போறதுக்குள்ள ஓடியா போயிரும்?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆறாம் நாள் காலை பெத்லகேமிலிருந்து எரிகோவுக்குப் புறப்பட்டோம். மறுநாள்தான் எருசலேம். சிலுவைப் பாதை முழுக்க நடை, பிறகு தோட்டத்துக் கல்லறை. வண்டி போகாத சந்துகள், கற்படிகள், வயதானவர்கள் ஹோட்டலில் இருந்துகொள்ளலாம் என்று கைடு சொன்னார். "நான் எப்படியும் வருவேன். ரூபா கையப் பிடிச்சுக்கிட்டு வந்துருவேன்" என்றாள் அக்கா. என் கையைப் பிடித்துக் காட்டவும் செய்தாள். அந்தச் சந்துகளை அவளோடு எத்தனை மணி நேரத்தில் நடக்க முடியும் என்று கணக்குப் போட்டேன். பாதிகூட ஆகாது.

எரிகோவுக்குப் போகிற பழைய சாலையில், ஒரு பெரிய பள்ளத்தாக்கைப் பார்க்க இருபது நிமிடம் பஸ்ஸை நிறுத்தினார்கள். நல்ல சமாரியன் கதை நடந்த வழி என்று ஐயர் வாசித்து விளக்கினார். மொட்டைப் பாறை, நிழல் என்று ஒன்றும் கிடையாது, வெயில் எங்கள் ஊர் போவன்பள்ளி மார்க்கெட்டில் மே மாதம் நிற்கிற மாதிரி. அக்கா இறங்கினாள். கழிப்பறை இல்லாததால் பாறை மறைவுக்குப் போகிறேன் என்று சரிவில் இறங்கினாள். பையை வைத்துக்கொள் என்றாள். காலையில் அவளுக்கு இன்சுலின் போட்டதும் நான்தான். போட்டுவிட்டு ஒரு இட்லி அளவுக்கு ரொட்டிதான் சாப்பிட்டிருந்தாள், மீதியைப் பஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றாள். குளுக்கோஸும் பிஸ்கட்டும் அந்தப் பையில்தான் இருந்தன.

சுபேதார் விசில் ஊதினார். எல்லாரும் ஏறினார்கள். நான் பின் கதவு வழியாக ஏறி, கடைசி ஸீட்டில் அவளுடைய போர்வையை ஆள் படுத்திருக்கிற மாதிரி சுருட்டி வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தொன்பது. முப்பது. நான் முப்பத்தொன்று என்றேன். முப்பத்திரண்டு என்றேன். முப்பத்து மூன்று என்றார் எனக்கு முன்னால் இருந்தவர். பஸ் கிளம்பியது.

எரிகோவில் சகேயு ஏறிய காட்டத்தி மரத்தைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். "அக்கா இறங்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். வழக்கமான பதில்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறியதும் மறுபடி இரண்டு எண் சொன்னேன். அங்கிருந்து அந்தப் பாறைக்கு அரை மணி நேரம்தான், சொல்லியிருந்தால் திரும்பியிருக்கலாம். உப்புக்கடலில், அதான் சாக்கடலில், மிதந்துவிட்டு வந்து மூன்றாம் தடவை சொன்னேன். பசித்தது. அவள் பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டேன், உப்புக்காற்றில் நமுத்துப்போயிருந்தது.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் பஸ் நின்றதும், கடைசி ஸீட்டில் போர்வையை மடிக்கும்போது அக்காவைக் காணோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். உப்புக்கடல் கரையில் என்றேன். அங்கேதான் தேடினார்கள். படகு வைத்தெல்லாம் தேடினார்கள்.

மறுநாள் பாதிப் பேர் ஹோட்டலில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார்கள். பதினான்கு பேர் எருசலேமுக்குப் போனோம். சிலுவைப் பாதையை ஒரே வீச்சில் நடந்தேன். தோட்டத்துக் கல்லறையில் காலியான அறைக்குள் நின்றேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அழுகை வந்தது. அக்காவை நினைத்து அழுகிறேன் என்று எல்லாரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். சந்தோஷத்தில்தான் அழுதேன். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள். சரிவில் பத்தடி கீழே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். நாங்கள் விட்டுவந்த அன்று மாலை வரை உயிர் இருந்திருக்கும் என்று அங்குள்ள டாக்டர் எழுதியதாக ஐயர் சொன்னார். நான் உப்புக்கடல் என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், அதிர்ச்சியில் உளறியிருக்கிறாள் என்றார்கள். ரூபா போர்வையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள், கண்ணைத் திறந்து எண்ணியிருக்க வேண்டியது சுபேதார்தான் என்று பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அவர் இப்போது ஆராதனையில் இராப்போஜனத்துக்கு வருவதில்லை. போன வாரம் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு முப்பத்திரெண்டு கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு" என்றார். ஆமாம், எனக்கும் கேட்டது என்று சொன்னேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, போலாரம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். சொன்னேனே, எனக்கு நடக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று விட்டுப்போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஒளித்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அன்று காலை பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்தபோது மெதுவாக ஒன்று சொன்னாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் ரூபா. உன் வீட்டுக்காரர் போன அன்னைக்கு டம்ளர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. நீ மாடியில நடக்குற சத்தமும் கேட்டுச்சு. முழங்கால் வலியில நானும் எந்திரிச்சு வரல. அது உன் மனசுல கெடந்து அறுத்துச்சுன்னா, நாளைக்குக் கல்லறையில ரெண்டு பேருமா முழங்கால் போட்டு ஆண்டவர்கிட்ட சொல்லிருவோம். நான் வேற யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

சரிக்கா என்றேன்.

அவள் சொன்னது உண்மைதான். அன்று மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். டம்ளர் தட்டியது. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்று நடந்தேன். மறுபடி தட்டியது. மறுபடி சொன்னேன், இன்னொரு சுற்று. வேகமாகத் தட்டியது, அப்புறம் மெதுவாக, அப்புறம் இல்லை. புரையேறியது என்று கீழே வந்த பிறகுதான் தெரிந்தது. பாதி தெரிந்திருந்தது என்றும் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தப் பாறைப் பக்கமும், பின் கதவில் கால் வைத்தபோது எனக்குக் கேட்டது. சரிவுக்குக் கீழேயிருந்து, "ஏட்டி ரூபா, ஒரு கை குடுட்டி, ஏற முடியல" என்று. நான் பேசாமல் ஏறிவிடவில்லை. "இதோ வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். கூப்பிட்ட யாருக்கும் நான் இதுவரை பதில் சொல்லாமல் இருந்ததில்லை.