எவுசேபியோவின் எட்டாம் சுற்றை மீட்ட எர்சிலியா அம்மையாருக்கு

கரும்புக் காற்று வானொலியின் கண்மணியே! காலம் கரைத்ததைக் காதால் காத்த காரிகையே! சான் பெத்ரோ நகரின் சந்துபொந்தெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் சுமந்து திரிந்த 'தோனியா' என்று ஊரே மரியாதையாய் அழைக்கும் எர்சிலியா பெகேரோ அவர்களே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், பணி ஓய்வு பெறும் உங்களுக்கு விடைகொடுக்கத்தான் மனம் வரவில்லை.

எங்கள் கரும்பாலை அணியின் இடக்கைப் பிட்சர் எவுசேபியோ மான்யோன் பந்தெறியும் நாளில் ஆலைச் சங்கே ஊத மறக்கும் என்பார்கள். அந்த பேஸ்பால் ஆட்டங்களின் வர்ணனை முழுவதும் இந்நிலையத்தில் ஒலிநாடாக்களாக இருந்தது. ஐயோ, இருந்து என்ன பயன்? புது நாடா வாங்கச் சோம்பி, அவற்றின் மேலேயே ரம் விளம்பரங்களைப் பதிவு செய்த புண்ணியவான்கள் இங்கே பணியாற்றியிருக்கிறார்கள்! நீங்களோ, "நாடா போனா போகட்டும், பார்த்த கண்ணு இருக்குல்ல?" என்று கிளம்பினீர்கள்.

டோமினோ மேசைகளில் அமர்ந்தீர்கள், முடிதிருத்தகங்களில் காத்திருந்தீர்கள், வறுத்த வாழைக்காயோடு வம்பையும் மெல்லும் முதியவர்களை வசப்படுத்தினீர்கள். ஆனால் இனித்த பேச்செல்லாம் ஓரிடத்தில் வந்து கசந்தது. அது இறுதிப் போட்டி, எட்டாம் சுற்று. எதிரணியால் அதுவரை ஒரு பந்தையும் அடித்து ஓட முடியவில்லை. அந்த வேளையில் எவுசேபியோ பந்தைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார். அணி தோற்றது. "காசு வாங்கிட்டான்" என்றது ஊர். அவர் மறைந்த பின்னும், மகள் நீதியா கடைக்குப் போனால், "என்னம்மா, அப்பன் ஆட்டத்த வித்ததுல இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்கும் நாக்குகள் இருந்தன. இந்த ஒரு பழியைத் துடைக்காமல் ஓய்வதில்லை என்று நின்றீர்கள்.

உண்மை அறிந்தவர், எதிரே குந்தியிருந்து அவர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஃபெய்யோ ஒருவரே. எறிமேட்டில் பிட்சரும் கேட்சரும் பேசியது அந்த மேட்டோடு போக வேண்டும் என்பது எங்கள் ஆட்டக்காரர் வழக்கம். நீங்கள் போகும்போதெல்லாம் காப்பி தருவார். வாயை மட்டும் திறக்க மாட்டார். அவர் படுத்த படுக்கையானதும் நாங்கள் கைவிட்டோம். நீங்கள் விடவில்லை. எவுசேபியோ ஆடிய கடைசிப் போட்டிப் பருவத்தில் ஃபெய்யோ விரல் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடியதை முதியவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தார்கள். பதிவைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நகப்பூச்சுக் குப்பி ஒன்றை வாங்கிப் போய் அவர் கையருகே வைத்து, "தோன் ஃபெய்யோ, இத யார் பார்க்கணும்னு பூசினீங்க?" என்று கேட்டீர்கள்.

அவர் குலுங்கி அழுதார். "அவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சும்மா. எந்தப் பந்து போடணும்னு நான் காட்டுற விரல் தெரியல. அதான் பூசினேன். அன்னிக்கு அதுவும் தெரியல. 'எவன் மண்டையையாவது உடைச்சிருவேன்டா ஃபெய்யோ, நான் போறேன். கண்ணு போச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத'ன்னான். இத்தன நாளும் சொல்லல. ஆனா அந்தப் புள்ளையப் போட்டு வறுத்தெடுக்குறானுங்களே!"

ஞாயிறு காலை அந்தக் குரல் ஒலிபரப்பானது. நீதியா அதே கடைக்குப் போய், வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, "இப்போ பேசுங்கடா பாக்கலாம்!" என்றார். கடைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்பின் அம்மையே! நீங்கள் பதிவு செய்த முதியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆயினும் பொத்தானை அழுத்தினால் அரங்கம் நிறைகிறது, அந்தப் பழைய பிற்பகல் திரும்புகிறது. கண்ணும் காதும் குன்றாமல், கால் வலி அண்டாமல், கடற்காற்று வாங்கிக் களிப்போடு பல்லாண்டு வாழுங்கள்!

நிலையத்தார் அனைவரும் இம்மடலில் ஒப்பமிட்டுள்ளோம். நிலையத்தைச் சேராதவரும், பழிக்கு அஞ்சி இத்தனை ஆண்டும் தந்தை பெயரை விட்டுத் தாயின் குடும்பப் பெயரை மட்டுமே எழுதிவந்தவருமான ஒருவர், தம் கையெழுத்துதான் முதலில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். இடம் விட்டோம்.

நீதியா மான்யோன்,
எவுசேபியோ மான்யோனின் மகள்

மற்றும் கரும்புக் காற்று வானொலிப் பணியாளர்கள்