இடது பக்கம் வரல

ஜோசபின்: ஏங்க… எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்! காப்பி ஆறுது.

ஆரோக்கியநாதன்: ஈயம் உருகுற நேரத்துல கூப்புட்டா? கையைச் சுட்டுக்கவா?

ஜோசபின்: வர்ற சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். ஊர்ல அப்பன்மாரு பந்தலுக்கும் சமையலுக்கும் அலையுறாங்க. நீங்க என்னடான்னா கீபோர்டைக் குப்புறப் போட்டு வயித்தைக் கிழிச்சு வச்சிருக்கீங்க.

ஆரோக்கியநாதன்: ஆன்சி கோயிலுக்குள்ள நடந்து வர்றப்ப நான்தான் வாசிக்கணும்னு சின்னப் புள்ளையில இருந்து சொல்லி வச்சிருக்கா. ஒயர் சொருகுற ஜாக்கு சரியில்லாம என்னத்த வாசிக்க?

ஜோசபின்: கோயில் பாட்டுக் குழுவுல இருக்குற அந்த மெர்வின் தம்பி வாசிக்கிறேங்கிறான்ல…

ஆரோக்கியநாதன்: அவனா! பென் டிரைவைச் சொருகிட்டுச் சும்மா கையை ஆட்டுவான். என் மக கல்யாணத்துல பென் டிரைவு பாடணுமாக்கும்?

ஜோசபின்: சரி சரி, கோவப்படாதீங்க. என்னதான் கோளாறு?

ஆரோக்கியநாதன்: ஹெட்போன் போட்டா வலது பக்கம் கேக்குது. இடது பக்கம் செத்துக் கெடக்கு. கோயில் ஸ்பீக்கருக்கு ஒயர் போறதும் இதே ஓட்டைதான். நேத்து நீயும் போட்டுப் பாத்தியே… இடது பக்கம் வந்துச்சா?

ஜோசபின்: ம்… வரல.

ஆரோக்கியநாதன்: அதான். உள்ள ஈயம் விட்டுப் போயிருக்கும். இந்தா, ஜாக்கை ஆடாமப் பிடி.

ஜோசபின்: பழைய வேலை திரும்ப வந்துருச்சு எனக்கு.

ஆரோக்கியநாதன்: எது?… ஓ, சமயநல்லூர் கோயிலா!

ஜோசபின்: கிறிஸ்துமஸ் பூசை. பாதிப் பாட்டுல சத்தம் போயிருச்சு. சாமியார் மொறைக்கிறாரு, நீங்க திருதிருன்னு முழிக்கிறீங்க…

ஆரோக்கியநாதன்: நீ பாட்டுப் புஸ்தகத்தைப் போட்டுட்டு ஓடி வந்து ஒயரைப் பிடிச்சுக்கிட்ட.

ஜோசபின்: கட்டைவிரலால அமுக்குனா சத்தம் வரும், விட்டா நின்னுரும். பூசை முடியிற வரைக்கும் முழங்கால்லயே கெடந்தேன்.

ஆரோக்கியநாதன்: அன்னைக்கு நான் பீடத்தப் பாக்கவே இல்ல புள்ள. உன் கட்டைவிரலத்தான் பாத்தேன்.

ஜோசபின்: அதான் கட்டையை மாத்தி மாத்தி அமுக்குனீங்களாக்கும்!

ஆரோக்கியநாதன்: மறுவாரமும் வந்து பிடிச்சியே. அதுக்கடுத்த வாரமும்…

ஜோசபின்: நீங்கதான் ஜாக்கைச் சரி பண்ணவே இல்லையே. எங்கம்மா கேட்டாங்க, “அந்தப் பெட்டிக்கு மதுரையில ஒரு ஆஸ்பத்திரி கூடவா இல்ல?”ன்னு.

ஆரோக்கியநாதன்: சரி பண்ண மனசு வரணும்ல… ம்ஹூம். அந்த நாளு மாதிரி வராது ஜோசு.

ஜோசபின்: வராதுதான்.

ஆரோக்கியநாதன்: சரி, மூடிட்டேன். நிமித்திப் போடு. ஒயரைச் சொருகு.

ஜோசபின்: சொருகியாச்சு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு எப்பவும் போலக் கண்ணை மூடிக் கேளுங்க. நான் கட்டையை அமுக்குறேன்.

ஆரோக்கியநாதன்: அமுக்கு… ஆங், வலது பக்கம் வருது.

ஜோசபின்: அந்தப் பக்கத்தைக் காதுல இருந்து எடுத்துட்டுக் கேளுங்க. கண்ணைத் தொறக்கக் கூடாது.

ஆரோக்கியநாதன்: எடுத்துட்டேன்.

ஜோசபின்: இடது பக்கம் வருதா?

ஆரோக்கியநாதன்: …வருது.

ஜோசபின்: நல்லா வருதா?

ஆரோக்கியநாதன்: கணீர்னு வருது. பாத்தியா, என் கைவேலை!

ஜோசபின்: ஏங்க…

ஆரோக்கியநாதன்: என்ன?

ஜோசபின்: நீங்க வலதை எடுத்தப்புறம் நான் கட்டையத் தொடவே இல்லைங்க. கண்ணைத் தொறங்க. ஜாக்குக்கு ஒண்ணும் இல்ல. நேத்து எனக்கு ரெண்டு பக்கமும் கேட்டுச்சு.

ஆரோக்கியநாதன்: அப்ப எதுக்கு வரலைன்ன?

ஜோசபின்: உங்க காதுதான் போச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மாலை வெலை விசாரிக்கப் போனேன்னீங்க. வெலை என்னன்னு கேட்டா முழிச்சீங்க. டாக்டர்கிட்டதானே போனீங்க?

ஆரோக்கியநாதன்: …இனிமே அந்தக் காது கேக்காதுன்னுட்டாரு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன். அதுவரைக்கும் பழியை ஜாக்கு மேல போட்டுட்டேன்.

ஜோசபின்: போட்டதும் இல்லாம அதுக்கு ஆப்பரேஷன் வேற!

ஆரோக்கியநாதன்: சிரிக்காத புள்ள. பாடுறவுங்க எனக்கு இடது பக்கம் நிப்பாங்க. பாட்டை எப்ப எடுக்குறாங்கன்னு தெரியாம நான் முந்திட்டா, அத்தன பேரு முன்னாடி புள்ளைக்கு அசிங்கம். மெர்வினையே வாசிக்கச் சொல்லு. ஆன்சிகிட்ட மட்டும் இதைச் சொல்லிராத.

ஜோசபின்: நான் சொல்றதா? மொதல்ல கண்டுபிடிச்சதே அவதாங்க. “முன் பெஞ்சுல உன் எடத்துல அத்தை உக்காரட்டும், நீ அப்பாவுக்கு இடது பக்கம் உக்காரு. நான் உள்ள வந்ததும், பாட்டு எடுக்கும்போது, அந்தக் கட்டைவிரலால அப்பா தோளை அமுக்கும்மா”ன்னு எப்பவோ சொல்லிட்டா.