எந்தக் கட்சிக்கும் இல்லாத கலர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பெயிண்ட் கடை ஷேட் கார்டைத் தன் மாமாவிடம் நீட்டினார். பிச்சாவரத்தில் சுற்றுலா வருபவர்கள் தங்குவதற்கு வீடு கட்டியிருக்கிறாராம்.

“எந்தக் கலரைத் தொட்டாலும் ஒரு கட்சி வந்துடுது மாமா.”

“நீலம் அடிச்சிடு மாப்ள. கடல் கலருதானே?”

“அது ஒரு கொடியிலயும் இருக்கே.”

“அப்ப பச்சை?”

“பக்கத்து லாட்ஜ் பச்சைதான். போன தேர்தல் கலாட்டாவுல கல்லெறிஞ்சு அதோட கண்ணாடியெல்லாம் ஒடச்சிட்டாங்க.”

“டூர் வர்றவங்களுக்கு அது வெறும் கலருப்பா.”

“அவுங்க ரெண்டு நாள்ல கெளம்பிடுவாங்க. கல்லு எறியறவன் உள்ளூர்க்காரன் மாமா.”

மாமா கார்டை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“அன்னைக்கு எறிஞ்சவங்கள்ல உன் தம்பியும் இருந்தான். அவனையே ஒரு கலரு சொல்லச் சொல்லு.”