வடை மடித்த நோட்டீஸ்

– அப்பறம் என்னதான் சொன்னாக அக்கா, அந்த டாக்டருமாருக?

– எங்கடி சொன்னாக, மெரட்டுனாக. திருக்கோகர்ணத்துல அம்புட்டுப் பெரிய மகாலப் புடிச்சு, ஏசியப் போட்டு, மூஞ்சியில அழகு ஊசி போடுறதப் பத்தி விழிப்புணர்வாம். கூத்து! இந்தா, ஒனக்கு வடை. அவுக குடுத்த நோட்டீஸ்லயே மடிச்சுக் கொண்டாந்தேன். அதுக்காச்சும் ஒதவட்டும்.

– வடை நல்லாத்தான் இருக்கு. நம்ம பொழப்புல மண்ணப் போடத்தான் இவுக கெளம்பி வாராக, கேட்டுக்கங்க. அன்னவாசல்ல நான் ஒரு ஷர்லி பார்லர வச்சு, கண்ணாடியில 'ஊசி மூலம் முக அழகு'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் பசை காயல. அதுக்குள்ள அங்கிட்டு மகால் புடிச்சுட்டாக.

– மொதக் கேள்வியே அதாண்டி. 'ஊசி போடுறவுக டாக்டரான்னு கேளுங்க'ன்னு ஒரு டாக்டரம்மா, பிரகதீஸ்வரியாம் பேரு, மைக்கப் புடிச்சுக்கிட்டு கண்ண உருட்டுது.

– 'எங்க ஷர்லி ஆன்லைன்ல கோர்ஸ் முடிச்சவ'ன்னு நீங்க சொல்ல வேண்டியதுதானே? அந்தா, சர்டிபிகேட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல தொங்குது. அவுகளுக்கு ஒரு ஊசி போச்சுன்னா ஒரு கார் டயரு போன மாதிரி. அந்த வயித்தெரிச்சல்.

– மருந்து எங்க வாங்குனதுன்னு வேற கேக்கணுமாம். நான் என்ன போலீசா?

– நான் சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தக் கடையில ஒரு கிரீமாச்சும், ஒரு டையாச்சும், வீட்டாளு மேல போட்டுப் பாக்காம வெளியாளு மேல பட்டிருக்கா?

– அத நானே சத்தியம் பண்ணுவேன். மருதாணி கோன் புதுசா வந்தப்ப ஒம் புருசன் இன்னாசி கையில போட்டுப் பாத்தவளாச்சே. பாவம், மனுசன் கை நெறையப் பூவோட ஆபீசுக்குப் போனாரு.

– எந்த டாக்டரு தன் வீட்டாளுக்குப் போட்டுப் பாத்துட்டு அடுத்தவுகளுக்குப் போடுறாரு? அதக் கேட்டீங்களா அங்க?

– கேக்க எங்க விட்டாக, கை தட்டத்தான் விட்டாக. சரி, நான் ஒக்காரட்டா? மகன் கல்யாணத்துக்குள்ள இந்த வாயோரக் கோடு போயிரணும். மேடையில சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கிறப்ப அவளுக்கு நான் ஆத்தா மாதிரி தெரியக் கூடாது.

– ஒக்காருங்க அமுதவல்லி அக்கா. கொரியா மருந்து, நேத்துதான் பார்சல் வந்துச்சு. நீங்கதான் மொதப் போணி.

– ஒம் மக ஹரிணி எங்க, காலேஜு போகலையா?

– தலைவலியாம். ஐஸ் வச்சுக்கிட்டு மாடியில படுத்திருக்கா. நீங்க தலையச் சாய்ங்க.

– இன்னொரு கூத்தக் கேளு. திரையில மலை மாதிரி ஒரு மூக்குப் படம். மூக்குத்தண்டுல போடுற மருந்து ரத்தக் கொழாய அடச்சா கண்ணே போயிருமாம். மூக்குல போட்டது கண்ணுக்கு எப்படிடி போகும்? டவுன் பஸ் ஏறியா?

– மூக்குன்னா சொன்னாக?

– மூக்குதான் ரொம்ப மோசமாம்.

– எல்லா ஊசிக்கும் வீங்கத்தான் செய்யும். வலிக்கத்தான் செய்யும். அழகுன்னா சும்மாவா?

– அட, இப்படிச் சொல்லித்தான் ஏமாத்துவாகளாம் ஒன்ன மாதிரி ஆளுக! வீக்கம் வேறயாம், இது வேறயாம். மொதல்ல தோலு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுக்குமாம். அப்பறம் ஊதாவா வலை விரிச்ச மாதிரி ஓடுமாம். வலை! கம்மாயில மீனு புடிக்கவா?

– எம்புட்டு நேரத்துல?

– என்னது?

– வெளுத்ததுக்கு அப்பறம், எம்புட்டு நேரத்துல ஊதா ஆகும்?

– யாரு கண்டா. நான் அப்ப ரெண்டாவது வடைக்குக் கைய நீட்டிக்கிட்டு இருந்தேன். மணிக்கணக்குதான்னு என்னமோ சொல்லுச்சு. விட்டா சதை செத்துப் போகுமாம். ஏண்டி, பஞ்ச வச்சுக்கிட்டு நிக்கிற? மூஞ்சியத் தொடச்சு விடு.

– அப்ப என்ன செய்யணுமாம்?

– பயந்துட்டியா? நீயுமா? ஐஸ் மட்டும் வைக்கவே கூடாதாம். வச்சா ரத்தக் கொழாயி இன்னும் சுருங்கிப் போகுமாம். டாக்டருகிட்ட ஓடியாந்துரணுமாம். கரைக்கிற ஊசி ஒண்ணு அவுககிட்ட இருக்காம். எந்நேரமும் கூப்புடலாம்னு நம்பரு வேற அடிச்சிருக்காக. ஆளு புடிக்கிற வேலை! ஷர்லி? ஏண்டி ஊசியக் கீழ வச்சுட்ட?

– அந்த நம்பரு எங்க அக்கா?

– அது எதுக்கு ஒனக்கு?

– எங்கக்கா?

– நோட்டீஸ்லதான் இருந்துச்சு. நீதானடி வடையத் தின்னுட்டுக் கசக்கி, முடிக் குப்பையில போட்ட. ஏய், ஏய், உள்ள கைய விட்டுத் தொழாவாத, பிளேடு கெடக்கும்!

– எண்ணெய் ஊறிப் போச்சு. கடைசி நம்பரு ஒண்ணா, ஏழா? அக்கா, பாருங்களேன், ஒண்ணா ஏழா?

– ரெண்டையும் போட்டுப் பாரு. மொதல்ல வெவரத்தச் சொல்லு. நான்தான் மொதப் போணின்னு சொன்ன! எனக்கு முந்தி எந்த வெளியாளுக்குடி போட்ட?

– வெளியாளுக்கு நான் எப்பக்கா மொதல்ல போட்டிருக்கேன்? மாடிக்கு ஓடிப் போயி, ஹரிணி மூக்கு மேல இருக்குற அந்த ஐஸ எடுத்து எறிங்க. நான் ரெண்டு நம்பரையும் போட்டுப் பாக்குறேன்.