வண்டி முன்னால் போகட்டும்

எனக்கு ஆரஞ்சு நிறம் பொருந்தாது. முகம் சோகை பிடித்ததுபோல் தெரியும் என்று என் கணவர் டேல் சொல்வார். ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடமாக வாசலில் நின்றிருக்கிறேன். இனி ஜெயிலில் மேலிருந்து கீழ்வரை அதே நிறம்தான் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிறேன், சார்.

என் பெயர் லோரெட்டா ப்ரின்க்மன். கெட்டில்ஃபோர்டு பள்ளி மாவட்டத்தில், தெற்குத் தொடக்கப்பள்ளியின் அலுவலகச் செயலாளர். மாவட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான்கு பள்ளிக்கூடங்கள், ஒரு கால்பந்து மைதானம், அதைவிடப் பெரிய வண்டி நிறுத்துமிடம், அவ்வளவுதான். மஞ்சள் பேருந்து பாதி காலியாகப் போகும். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவரும் பிள்ளையை அழைத்துப்போகக் காரில்தான் வருவார்.

அதனால் வரிசை. பள்ளி வாசலில் ஆரம்பித்து, பல் மருத்துவரைத் தாண்டி, கார் கழுவுமிடத்தைத் தாண்டி, வெர்னன் ஆட் நடத்தும் இறுதிச்சடங்கு நிலையத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் வெளியே போக முடியாமல் உள்ளேயே இன்னொரு சுற்று அழுவார்கள். இதற்கெல்லாம் முக்கியக் காரணம் கிறிஸ்டல் ஹேவர்கேம்ப் மாதிரி ஆட்கள். காரை நிறுத்துவார், இறங்குவார், மகனைக் கட்டிப்பிடிப்பார், முத்தம் கொடுப்பார், அவன் வரைந்த படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். அது நாயா குதிரையா என்று அங்கேயே நின்று பேசுவார்கள். பின்னால் நாற்பது கார்.

அக்டோபரில் மாவட்டத்தின் தலைமை அதிகாரி வெண்டல் ஸ்ட்ரூப் என் மேசைக்கு வந்தார்.

"லோரெட்டா, நவம்பர்ல கல்வி வரிக்கு ஓட்டு. தோத்தா ஒரு ஸ்கூல மூடணும். எந்த ஸ்கூல்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"எங்க ஸ்கூலா?"

"ஜனங்களுக்கு வரிமேல கோவம் இல்லம்மா, உங்க கார் வரிசைமேலதான் கோவம். ஓட்டுப் போடுற இடம் லூத்தரன் சர்ச். வெர்னன் ஆட்டோட இடத்துக்கு நேர் எதிர. அன்னிக்கு வரிசை அங்க வரைக்கும் வந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. எப்படியாவது குறைங்க. எப்படின்னு என்கிட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த வகையில் நாங்கள் இருவரும் வாக்குத் தவறாதவர்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டீர்கள். என் மகன் கஸ் அங்கே இரண்டாம் வகுப்பு. அவன் வகுப்பு என் மேசைக்கு எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் ஜன்னலில் மூக்கை அழுத்திவிட்டுப் போவான். பள்ளியை மூடினால் அவன் ஊருக்கு வடக்கே இருக்கும் பள்ளிக்குப் போய்விடுவான். அந்த மூக்கு இல்லாத ஜன்னலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் செய்தது எல்லாம் அவனை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தான்.

வரிசையைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தேன். ஒரு விஷயம் புரிந்தது. முன்னால் நிற்கும் காருக்கு உரிய குழந்தை ஒருநாளும் முன்னால் நிற்பதில்லை. முன்னால் நிற்கும் குழந்தைக்கு உரிய கார் இன்னும் கார் கழுவுமிடத்தில் இருக்கும். ஆக, அத்தனை தாமதத்துக்கும் காரணம் ஒரே ஒரு பிடிவாதம்: இன்ன குழந்தை இன்ன காரில்தான் ஏற வேண்டும் என்பது. அதை விட்டுவிட்டால் வேலை மிகவும் சுலபம்.

முதலில் ராய் டாட்லாக் வந்தார். காதில் ஃபோன், கண் எங்கேயோ. கைக்கு அகப்பட்ட குழந்தையை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அலுவலகத்துக்கு அழைப்பு.

"லோரெட்டா, என் வண்டில ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. எனக்கு இருக்கிறது பையன்."

"நல்லாப் பாத்தீங்களா, ராய்?"

"பாத்துட்டேன். சிக்கன் நக்கெட் வேண்டாங்குது. எம்புள்ள செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டான்."

"இன்னிக்கு ஒரு ராத்திரிதானே, சமாளிங்க. நல்ல குடும்பத்துப் பொண்ணு."

பின் இருக்கையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்திருப்பார் போல. பிறகு, "அமைதியாத்தான் இருக்கு," என்றார்.

ஒரே வாரத்தில் வரிசை கார் கழுவுமிடத்துக்குச் சுருங்கியது. புகார் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் பெற்றோர் தங்களுக்குள்ளேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாயங்காலம் லூத்தரன் சர்ச் வண்டி நிறுத்துமிடத்தில் கூடி, குழந்தைகளை மாற்றிக்கொள்வார்கள். அங்கேயும் ஒரு நீண்ட வரிசை உருவானதாகச் சொன்னார்கள். அந்த வரிசை என் பொறுப்பு அல்ல.

அமரர் ஊர்தி விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள். வெர்னன் ஆட் திரும்ப வழியில்லாமல் எங்கள் வரிசையில் புகுந்துவிட்டார். வரிசையில் வந்தது வாசலுக்கு வந்தே தீரும். வந்த வண்டியை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பின்னால் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார், ஆகவே ஐவி என்ற சிறுமியை முன் இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டேன். எனக்கும் மனசாட்சி உண்டு. கல்லறையில் எல்லாரையும்விட ஐவிதான் நன்றாக அழுதாளாம். அந்தக் குடும்பம் பள்ளிக்குப் பூங்கொத்து அனுப்பியது.

கஸ்ஸும் வரிசையில்தான் நிற்பான். செயலாளர் மகன் என்று சலுகை காட்டுபவள் அல்ல நான். ஃபென்டர் வீட்டு வேனில் ஏற்றினேன். அவர்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், தலையை எண்ணினால் சரியாகத்தான் இருந்திருக்கும். டேல் ஓட்டிவந்த எங்கள் காரில் அவர்களுடைய மைலோ வந்தான். இரவுச் சாப்பாட்டில் டேல் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னடா இது அதிசயமா இருக்கு. ப்ராக்கலி சாப்பிடுற?"

"நான் கஸ் இல்லீங்க, அங்கிள்."

"சரி சரி, ஆறிடப்போகுது. சாப்பிடு."

கஸ் ஃபோன் செய்தான். "அம்மா, இங்க குதிக்கிற ட்ராம்போலின் இருக்கு. இன்னிக்கு இங்கயே இருக்கேனே?" என்றான். இருக்கட்டும் என்றேன். மாற்றப் போனால் அந்த சர்ச் வரிசையில் நிற்க வேண்டும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மறுநாளும் அவன் நின்ற இடத்துக்கு ஃபென்டர் வேன்தான் வந்தது. அதற்கு மறுநாளும். மைலோ நல்ல பையன். துண்டை மடித்து வைப்பான்.

வாக்கெடுப்பு நாளன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது, கிறிஸ்டல் ஹேவர்கேம்ப் வரும்வரை. அதுவரை அவருக்கு மட்டும் நான் பிள்ளையை மாற்றிக் கொடுத்ததே இல்லை. அன்று வேறு வழியில்லை, கையில் இருந்த பையனைக் கொடுத்தேன். வழக்கம்போல் இறங்கினார், குனிந்தார், முத்தம் கொடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"லோரெட்டா, யாரு இது?"

"இன்னிக்கு இவன்தான். வண்டிய எடுங்க."

அவர்தான் உங்களை அழைத்தார் என்று தெரியும். ஊரிலேயே முத்தம் கொடுக்க முகத்தைப் பார்க்கிற ஒரே ஆள் அவர். தாமதத்துக்கும் அதுதான் காரணம்.

வரி ஜெயித்தது. பிள்ளை மாற்றிக்கொள்ள சர்ச்சுக்கு வந்தவர்கள் அப்படியே உள்ளே போய் ஓட்டும் போட்டிருக்கிறார்கள். பள்ளி மூடப்படாது. கஸ்ஸின் வகுப்பு அதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

கிறிஸ்டலுக்கு முந்தைய வண்டியில் யார் போனது என்று கேட்கிறீர்கள். கஸ்தான். அன்று அவன் என் மேலங்கியைப் பிடித்துக்கொண்டான். யாருடைய சட்டையையோ போட்டிருந்தான், கை நீளமாகத் தொங்கியது.

"அம்மா, இன்னிக்கு நான் நம்ம வீட்டுக்கு வரட்டுமா?"

வரலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் டேலின் கார் இன்னும் கடைசியில் நின்றது. ஃபென்டர் வேன் முன்னால் வந்து கதவும் திறந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சார்? அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தூக்கி உள்ளே வைத்து, பெல்ட் போட்டேன். பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையசைத்தான். நானும் அசைத்தேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அடுத்த வண்டி முன்னால் வந்தது.

அன்று வரிசை பல் மருத்துவர் வாசலைக்கூடத் தொடவில்லை.